நாலும் கடுவன்: ஒரே கூட்டில் வைக்கலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மகனின் பிறந்தநாளுக்கு அவனுடைய மாமா நாலு கினிப்பன்றிக் குட்டிகள் வாங்கித் தந்தார். நாலும் கடுவன் என்று கடையில் சொன்னார்களாம். இப்போது எட்டு மாதம் இருக்கும். மூன்றடிக்கு இரண்டடிக் கூடு, பல்கணியில் வைத்திருக்கிறோம். போன மாதம் வரை நாலும் ஒரே பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்று படுத்து நித்திரை கொள்ளும். இப்போது கறுப்பன் மற்ற மூன்றையும் ஓட ஓடத் துரத்துகிறான். குட்டான் மட்டும் எதிர்த்து நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை கறுப்பன் கடித்துப் பிஸ்கட்டின் முதுகில் இரத்தம் வந்துவிட்டது. சூட்டி மூலையை விட்டு அசைவதே இல்லை. சேர்த்துக் குளிப்பாட்டினால் மணம் ஒன்றாகி ஒற்றுமையாகும் என்றார்கள். செய்து பார்த்தோம், பலனில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெட்டையைச் சேர்த்துவிடச் சொல்கிறார். கணவர் நாலு கூடு வாங்குவோம் என்கிறார். மகன் அழுகிறான். ஆண்மை நீக்கம் செய்தால் அடங்குவார்களா? நாலையும் ஒன்றாக வைத்திருக்க வழி இருக்கிறதா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கூடு பற்றிப் பேசுவதற்கு முன் பிஸ்கட்டையும் சூட்டியையும் பார்ப்போம். அவசரம் அதுதான்.

கினிப்பன்றியின் கடிகாயம் மேலே சின்னத் துளையாகத்தான் தெரியும். உள்ளே பல் ஆழமாக இறங்கியிருக்கும். தோல் இரண்டொரு நாளில் மூடிக்கொள்ளும், அடியில் சீழ் கட்டும். கொழும்பு வெக்கையில் இன்னொரு தொல்லை, ஈ. காயத்தில் ஈ மொய்த்து முட்டையிட்டால் புழு வைக்க ஒரு நாள் போதும். ஆகவே காயத்தைச் சுற்றி மயிரைக் கத்தரித்து, மருந்துக்கடையில் வாங்கும் சேலைனால் கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி இருக்கிறதே என்று இரண்டு சொட்டு வாயில் விட்டுவிடாதீர்கள். பெனிசிலின் வகை மருந்து வாய்வழி போனால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களை அழித்துவிடும். அந்த இடத்தில் விஷம் சுரக்கும் கிருமிகள் பெருகும். காயத்தில் சாகாத பிராணி மருந்தில் செத்துப்போகும். நாய் பூனைகளையே அதிகம் பார்க்கும் இடத்துக்குப் போனாலும், "இது கினிப்பன்றி, பெனிசிலின் ஆகாது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சூட்டி மூலையில் இருப்பது பயத்தாலும் இருக்கலாம், வருத்தத்தாலும் இருக்கலாம். பல் வளர்ந்து வாயில் குத்துவது, தோலில் சிரங்குப் பூச்சி, சிறுநீர்ப்பையில் கல், விற்றமின் சீ போதாமை, எது வந்தாலும் இந்தப் பிராணி இப்படித்தான் ஒடுங்கிப்போகும். நோவில் இருப்பவனை மற்றவர்கள் மிதிப்பார்கள். சில வேளை நோவுள்ளவனே கடிக்கவும் தொடங்குவான். குசினித் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து நாலு பேரையும் இன்றைக்கே நிறுத்து எழுதிவையுங்கள். வளர்ந்த கடுவன் பொதுவாக 900 கிராமிலிருந்து 1200 கிராம் வரை வரும். மற்ற மூவரும் ஏறிக்கொண்டிருக்கச் சூட்டி மட்டும் இறங்கினால், அவனுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை அல்லது சாப்பிட முடியவில்லை. அரை நாளுக்கு மேல் ஒன்றுமே தின்னாமல் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே கொண்டுபோகவேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலையும் ஒன்றாக வைத்திருக்க வழி உண்டா? உங்கள் வீட்டில், இந்த வயதில், இரத்தம் வந்த பிறகு, இல்லை. நாலு கூடும் வேண்டாம். இரண்டு சோடி, இரண்டு கூடு. என் ஆலோசனை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

மூன்று மாதத்திலிருந்து ஏறத்தாழ பதினாலு மாதம் வரை கடுவன் கினிப்பன்றிக்கு இளந்தாரிப் பருவம். ஓமோன் ஏறும். போன மாதம் வரை ஒட்டிப் படுத்தவர்கள் திடீரென்று ஒருவரை ஒருவர் முறைப்பது அந்த ஏற்றத்தால்தான். நீங்கள் வளர்த்ததில் பிழையில்லை, கறுப்பன் கெட்டவனுமில்லை. அந்தீஸ் மலைப் பக்கத்திலுள்ள இவர்களுடைய காட்டு உறவினர்கள் ஒரு கடுவனும் சில பெட்டைகளும் குட்டிகளுமாகச் சிறு கூட்டமாக வாழ்பவர்கள். நாலு இளம் கடுவன்கள் ஆறு சதுர அடிக்குள் இருப்பது அவர்களுடைய இயல்பிலேயே இல்லாதது. தோற்றவனுக்கு விலகி ஓட இடமிருந்தால் சண்டை ஒரு நிமிடத்தில் முடியும். மூன்றடிக் கூட்டில் எங்கே ஓடுவது? ஓடித் திரும்பினால் மறுபடியும் கறுப்பனின் மூக்குக்கு முன்னால்தான் நிற்கவேண்டும்.

விலங்கு நடத்தையை ஆராய்ந்த ஜெர்மானியப் பேராசிரியர் நோர்பர்ட் சாக்சர் கினிப்பன்றிகளை நீண்ட காலம் கவனித்தவர். பெரிய கலப்புக் கூட்டத்தில் வளர்ந்த கடுவன்கள் பின்னாளில் புதிய கடுவனைச் சந்தித்தாலும் பெரிதாக அடிபடாமல் இருப்பதையும், தனியாக வளர்ந்தவை பொருதி நிற்பதையும் அவரது ஆய்வுகள் காட்டின. இளந்தாரிப் பருவத்தில் மூத்த கடுவன்களிடம் வாங்கும் அடியும் துரத்தலும்தான் அவர்களுக்குப் படிப்பு. எங்கே விலக வேண்டும், எப்போது தலையைத் தாழ்த்த வேண்டும் என்பதை அங்கேதான் பழகுகிறார்கள். உங்கள் நாலு பேரும் ஒரே வயது. சொல்லிக் கொடுக்க மூத்தவர் ஒருவரும் இல்லை. ஒரு மூத்த கடுவனும் ஒரு குட்டிக் கடுவனும் சேர்ந்த சோடி சுலபமாக ஒத்துப்போவதற்குக் காரணமும் இதுவே.

பெட்டையைச் சேர்க்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பெட்டையின் வாடை அதே அறைக்குள் வந்தாலே, இதுவரை சும்மா இருந்த கடுவன்களும் அடிபடத் தொடங்கும். சேர்த்துவிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போடும், அந்தக் குட்டிகளில் கடுவன் மூன்று வாரத்திலேயே சினைப்படுத்தக் கூடியது. கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதோடு இன்னொன்று, நாலும் உண்மையிலேயே கடுவன்தானா? கடையில் சொன்னது பிழைப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். வைத்தியரிடம் போகும்போது நாலையும் கொண்டுபோங்கள். பிறப்புறுப்புக்குச் சற்று மேலே மெல்ல அழுத்தினால் கடுவனுக்கு உறுப்பு வெளியே வரும். ஒரு நிமிட வேலை.

அடுத்து, எது சண்டை, எது வெறும் சத்தம் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஒன்று தேவையில்லாமல் பிரிப்பீர்கள், இல்லாவிட்டால் பிந்திப் பிரிப்பீர்கள்.

கறுப்பன் தொண்டைக்குள் உறுமிக்கொண்டு, பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டி, கால் மாற்றி மாற்றி மெல்ல நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைபேசி அதிர்வது போல உடம்பே நடுங்கும். அது "நான்தான் இங்கே பெரியவன்" என்ற அறிவிப்பு. மற்றவன் கீச்சென்று கத்தி விலகினால் அலுவல் முடிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, பின்னால் மணந்துகொண்டு திரிவது, கொஞ்சத் தூரம் துரத்துவது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து மணம் வைப்பது, இவை எல்லாம் அந்த வகைதான். இரண்டு பேரும் மூக்கை உயர்த்தி எதிரெதிரே நின்றால், யார் முதலில் தலையைத் தாழ்த்துகிறார் என்று பொறுத்துப் பாருங்கள். ஒருவர் தாழ்த்தினால் கை வைக்காதீர்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் இடையில் புகுந்தால் அந்த விவகாரம் தீராது, நாளைக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

பல்லை நறநறவென்று தட்டும் சத்தம் கேட்டால் காதைக் கொடுங்கள். ஒருவர் மட்டும் சிறிது நேரம் தட்டினால் எச்சரிக்கை. இரண்டு பேரும் நிறுத்தாமல் தட்டி, கழுத்து மயிர் சிலிர்த்து, வாயைக் கொட்டாவி போலத் திறந்து பல்லைக் காட்டி, முகத்தை நோக்கிப் பாய்ந்தால் அது சண்டை. அடுத்த கணம் இரண்டும் ஒரே உருண்டையாகப் புரளும். அப்போது வெறுங்கையை விடவேண்டாம், விரலில் எலும்பு வரை கடி விழும். தடித்த துவாய் ஒன்றை மேலே போடுங்கள், அல்லது குப்பை வாரும் தட்டை நடுவில் இறக்குங்கள். மகனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அழுதுகொண்டு முதலில் கையை விடப்போவது அவர்தான்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் சோடி ஓரளவு தானாகவே பிரிந்திருக்கிறது. கறுப்பனும் குட்டானும் எதிர்த்து நிற்பவர்கள், இருவரும் ஒரு கூட்டில் ஆகாது. கறுப்பனின் பல் பிஸ்கட்டில் இறங்கிவிட்டது. இரத்தம் வந்த இரண்டு பேரை நான் திரும்பச் சேர்ப்பதில்லை. அப்படியானால் குட்டானும் பிஸ்கட்டும் ஒரு சோடி, கறுப்பனும் சூட்டியும் மறு சோடி. பிஸ்கட்டின் காயம் ஆறும் வரை அவனையும் குட்டானையும் கம்பிவலைக்கு இரு பக்கமும் வைத்து, ஒருவரை ஒருவர் பார்க்கவும் மணக்கவும் விடுங்கள். சூட்டிக்கும் வருத்தம் இல்லை என்று உறுதியான பிறகுதான் கறுப்பனோடு சேர்க்கவேண்டும், அது வரை அவர்களுக்கும் நடுவில் வலை. இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பல கறுப்பன்மார் ஆச்சரியமாக இறங்கிவருவார்கள். விட்டுக்கொடுக்கிற ஒருவர் கூட இருந்தால் அவருக்கு அறிவித்துக்கொண்டே திரிய வேண்டிய தேவை இல்லை. மூன்று பேர் என்று மட்டும் வைக்காதீர்கள். கடுவன் மூன்று சேர்ந்தால் இரண்டு பேர் கூட்டு, ஒருவர் அடிவாங்கி என்று போவதே வழக்கம்.

சேர்க்கும் முறை முக்கியம். பழைய கூட்டுக்குள் நேரே விடக்கூடாது. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். உங்கள் வீட்டில் அறைத் தரையில் தோய்த்த துவாய்களை விரித்துச் சுற்றிவர மறித்தால் போதும். நடுவில் புல்லும் மல்லி இலையும் நிறையக் குவியுங்கள். ஒளியும் பெட்டிகளை முதலில் வைக்கவேண்டாம், பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் அடி விழும். ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். உறுமல், ஏறல், துரத்தல் எல்லாம் நடக்கும், பிறகு தின்னத் தொடங்குவார்கள், அப்புறம் ஒருவர் மற்றவரின் பக்கத்தில் படுப்பார். அவசரப்பட்டு எடுத்துப் பிரித்து, பின்னேரம் மறுபடியும் சேர்த்து, இரவில் பிரித்து என்று செய்தால் ஒவ்வொரு தடவையும் முதல் அறிமுகம்தான். நன்றாகப் போனால் அந்தத் துவாய்களோடேயே புதுக் கூட்டுக்கு மாற்றுங்கள்.

குளிப்பாட்டல் இனி வேண்டவே வேண்டாம். நனைந்து நடுங்கும்போது பயத்தில் ஒட்டி நிற்பார்கள், பார்க்கிறவர்களுக்கு அது ஒற்றுமை மாதிரித் தெரியும். காய்ந்ததும் பழைய கதை. இவர்களுக்கு உலகமே மணத்தில்தான் இருக்கிறது. அதே காரணத்தால் கூட்டை முழுவதுமாகக் கழுவித் துடைப்பதும் ஆபத்து. எல்லா மணமும் ஒரே நாளில் போய்விட்டால் யாருடைய இடம் எது என்று புதிதாக அளக்கத் தொடங்குவார்கள். நனைந்த பகுதியை நாளாந்தம் மாற்றுங்கள், பெரிய துப்புரவின்போதும் பழைய துணி ஒன்றை விட்டுவையுங்கள்.

இரண்டு கடுவனுக்கு நாலடிக்கு இரண்டடி என்பது மிகக் குறைந்த அளவு. ஐந்தடிக்கு இரண்டரை அடி இருந்தால் மனம் நிம்மதி. தொடர்மாடியில் இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஹோலில் சுவரோரம் ஒரு இரும்புத் தட்டு அடுக்கு வைத்து, கீழ்த் தட்டில் ஒரு சோடி, மேல் தட்டில் மறு சோடி என்று வைக்கலாம். கம்பிச் சட்டங்களைக் கேபிள் டையால் கட்டினால் முன்பக்கம் தயார். அடிப்பாகம் தட்டையாக, துணி விரித்ததாக இருக்கவேண்டும். முயலுக்கென்று விற்கும் கம்பித் தரைக் கூடு பாதத்தைப் புண்ணாக்கும். இரண்டு சோடிக்கும் இடையில் வலை வேண்டாம், பலகையோ தடித்த மட்டையோ மறைப்பாக இருக்கட்டும். வலைக்கு அப்பால் கறுப்பனைப் பார்த்துச் சூடேறும் குட்டான், கையெட்டும் தூரத்திலிருக்கும் பிஸ்கட்டில் அதைத் தீர்ப்பான்.

கூட்டுக்குள் எதுவும் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தல் இரண்டு, அதுவும் எதிரெதிர் முனையில். புல் இரண்டு இடத்தில். ஒளியும் பெட்டி மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரு வாசல் பெட்டி வீடில்லை, பொறி. வாசலில் கறுப்பன் வந்து குந்திவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே வரவே முடியாது. புறக்கோட்டைக் கடைகளில் வெறும் அட்டைப்பெட்டி வாங்கி இரு பக்கமும் வெட்டினால் போதும், கடித்துக் குதறினால் இன்னொன்று. நடுவில் ஒரு மறைப்பு வைத்தால் ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் இருக்கவும் முடியும்.

கொழும்பில் ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. குளிர்ச்சியான இடமும் அடிபட்டுப் பிடிக்கிற ஒரு பொருள்தான். கினிப்பன்றிக்கு உகந்தது ஏறத்தாழ 18 முதல் 24 பாகை வரை. இங்கே பகலில் 30ஐத் தாண்டும், ஈரப்பதன் வேறு. கூட்டில் ஒரு மூலைக்கு மட்டும் ஃபேன் காற்று வந்தால், அந்த மூலை பெரியவருக்கு, மற்றவர் வெக்கையில். ரைல்ஸ் துண்டு இரண்டு, உறைய வைத்துத் துணி சுற்றிய தண்ணீர்ப் போத்தல் இரண்டு, இரண்டு முனையிலும் வையுங்கள். காற்று நேரே முகத்தில் அடிக்காமல் அறை முழுவதும் சுற்றட்டும். பல்கணியிலிருந்து இன்றைக்கே உள்ளே எடுங்கள். பின்னேர வெயில் ஒரு பக்கம், காகம் இன்னொரு பக்கம். வலைக்குள் மூக்கை நுழைத்துக் கொத்தும் காகத்தைக் கண்டு நாள் முழுக்கப் பயந்திருக்கும் கூட்டம் தங்களுக்குள் கடிபடாமல் என்ன செய்யும்? ஒருவர் நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயில் எச்சில் வடிந்தால் சூடு ஏறிவிட்டது. ஐஸ் தண்ணீர் ஊற்றாமல் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துவாயை விரித்து அதில் வைத்து, உடனே வைத்தியரிடம் ஓடுங்கள்.

சாப்பாட்டை ஒரு கிண்ணத்தில் வைக்காமல் கூடு முழுக்கத் தூவுங்கள். தேடித் தின்பவர்களுக்குச் சண்டைக்கு நேரமில்லை. அடிப்படை புல்தான், நாள் முழுவதும் தீராமல் இருக்கவேண்டும். இறக்குமதி செய்த உலர்புல் விலை கூட. நம்மூரில் எங்கும் வளரும் கினிப்புல் நல்ல தீன். நாய் போகாத, வாகனப் புகை படாத இடத்தில் வெட்டி, கழுவி உதறிக் கொடுங்கள். காலி வீதி ஓரத்துப் புல் வேண்டாம். மனிதரைப் போல இவர்களுக்கும் உடம்பில் விற்றமின் சீ உண்டாகாது, நாளாந்தம் தீனில் வரவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கறிமிளகாய், இடைக்கிடை சின்னத் துண்டு கொய்யாப்பழம் கொடுத்தால் அது சரியாகிவிடும். தண்ணீரில் கலக்கும் விற்றமின் துளிகள் வேண்டாம், வெளிச்சத்திலும் சூட்டிலும் சத்துக் கெட்டுவிடும்.

ஆண்மை நீக்கம் பற்றிக் கேட்டீர்கள். கடுவன்கள் தங்களுக்குள் அடிபடுவதை நிறுத்த அது நம்பக்கூடிய வழி அல்ல. யார் பெரியவர் என்ற போட்டி அறுவைக்குப் பிறகும் தொடரலாம். மயக்க மருந்தில் இந்தச் சின்னப் பிராணிக்கு ஆபத்தும் உண்டு. அதனால் பயன் வருவது ஒரு நிலைமையில்தான்: கறுப்பன் சூட்டியோடும் ஒத்துப்போகவில்லை என்றால், அவனுக்கு அறுவை செய்து, ஆறு வாரம் காத்திருந்து, பிறகு ஒரு பெட்டையோடு தனி அறையில் வைக்கலாம். இந்தப் பிராணிகளில் அனுபவமுள்ளவரிடம் மட்டுமே செய்யுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். அறுவை வேண்டாம் என்றால் கறுப்பனும் சூட்டியும் வலைக்கு இரு பக்கமும் நிரந்தரமாக இருக்கலாம். ஒரே கூட்டில் இல்லாவிட்டாலும் கூப்பிட்டால் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். தன்னந்தனியாக வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவிற்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. உங்கள் கணவரின் நாலு கூடு யோசனைக்கு என் பதிலும் அதுதான்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஞாயிறு தோறும் நாலு பேரையும் நிறுத்து, ஒரு கொப்பியில் எழுதுவது. ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் உங்களிடம் வந்து சொல்லவேண்டும், பின்பக்கத்தில் கடிபட்ட மயிர் தெரிந்தாலும் சொல்லவேண்டும். அடுத்த வருடம் எல்லோரும் அமைதியானதும், நாலையும் திரும்பச் சேர்ப்போமா என்று அவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பருவம் அடங்கினாலும் ஒவ்வொரு சோடிக்கும் அதற்குள் தன் இடம், தன் மணம் என்று ஆகியிருக்கும், மற்றவர்கள் அந்நியர். தரையில் ஓட விடுவதும் சோடி சோடியாகத்தான். ஒரு சோடி காலையில், மறு சோடி பின்னேரம், இடையில் விரித்த துணியை மாற்றிவிட்டு.